இரட்டை எஞ்சின் கதையும் மேரியில் எழுதிய பேரும்

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். தைப்பூசத்துக்கு முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், இந்த வருஷம் எழுதிவிடுவது என்று நினைப்பேன். அப்புறம் பயம் வந்துவிடும். காகிதத்தைப் பற்றிய பயம். இங்கே பிரான்சில் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போன மாசம் புதுச்சேரியிலிருந்து என் மச்சினன் கடிதம் போட்டிருந்தான். முதலியார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கோவிந்தண்ணன் தவறிவிட்டார். மில் வேலைக்காரர். சொந்தம் இல்லை, ஆனால் அண்ணன் என்று ஒருவரைத்தான் வாழ்நாளில் கூப்பிட்டேன், அது அவரைத்தான். காரியமெல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்.

“பொணம் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் பேசறான் மாமா, ‘ஏழுமலை புள்ளைய மேரியில தன் பேருக்கு எழுதி அமுக்கப் பாத்த ஆளுதானே இவரு’ன்னு. அஞ்சலை அக்கா காதுல விழுந்துடுச்சு.”

மேரி என்று நாங்கள் சொல்வது நகராட்சி ஆபீசை. பிறப்பு இறப்பு பதிகிற இடம். ஏழுமலை நான்தான். அஞ்சலை கோவிந்தண்ணனின் மனைவி.

அன்றைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்குக் காலை ஷிப்ட். போர்வைகளை மெஷினில் போட்டேன், எடுத்தேன், மடித்தேன். கூட வேலை செய்கிற போர்த்துகீசியப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ‘அண்ணன் செத்துப்போயிட்டார்’ என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியும். ‘என்னால் கெட்ட பேரோடு செத்துப்போனார்’ என்று சொல்லத் தெரியவில்லை. அதைத் தமிழில் சொல்கிறேன்.

2

எங்கள் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். அதனால் நானும் காகிதத்தில் பிரெஞ்சுக்காரன். ஆனால் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவி சரசுவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. வீட்டில்தான் பிரசவம். முதலில் வந்தவன் செந்தில், என்னைப் போல வெளுப்பு, கத்தினான். அடுத்து வந்தவன் அவன் அம்மாவைப் போல கறுப்பு, உள்ளங்கை நீளம். கத்தவே இல்லை. அதற்கு முன்பு எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மருத்துவச்சி சரசுவிடம், “இத உன் புள்ளைன்னு சொல்லாத. தவிட்டுக்கு வித்துடு” என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்காத பிள்ளை என்றால், பக்கத்தில் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, முறத்தில் ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வோம். அது அவர்கள் பிள்ளை ஆகிவிடும். நம் வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற கெட்டது, இது வேறு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துப் போய்விடும். வருஷம் திரும்பியதும் கோயிலில் வைத்துத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோவிந்தண்ணனுக்கும் அஞ்சலை அண்ணிக்கும் பிள்ளை கிடையாது. அண்ணி தவிட்டு முறத்தோடு வந்து நின்றார். குழந்தையை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். பால் கொடுக்க மட்டும் சரசு அங்கே போவாள்.

செந்திலை நான் பதிந்துவிட்டேன். சின்னவனைப் பதிய வேண்டிய நாளில் எனக்குக் கால் நகரவில்லை. என் பேரைச் சொல்லி எழுதினால் அந்தக் கெட்டது தெரிந்துகொண்டு வந்துவிடுமே என்று பயம். கோவிந்தண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, மேரியில போயி நீங்களே பதிஞ்சுட்டு வாங்க. அப்பா பேரு கேட்டா உங்க பேரையே சொல்லுங்க.”

“டேய், அது சர்க்கார் புஸ்தகம்டா. விளையாட்டு இல்ல.”

“புள்ள தங்கட்டும்ணே. அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் சரசுவைப் பார்த்தார். சரசு கும்பிட்டாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வேலு, தகப்பன் பேர் கோவிந்தன், தாய் பேர் அஞ்சலை என்று எழுதிவிட்டு வந்தார். எழுதியது அவர். எழுதச் சொன்னவன் நான்.

வேலு தங்கினான். வருஷம் திரும்பியதும் மயிலம் கோயிலில் வைத்துத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டோம். சாமியிடம் வாங்கியாயிற்று. மேரியில் திருப்பி வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

3

அஞ்சலை அண்ணி கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார வாத்தியார் வீட்டில் வேலை செய்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பிள்ளைகளின் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணி அதை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு நீராவி எஞ்சின்களின் கதை. இரட்டைப் பிறவிகள். இரண்டும் பச்சை நிறம், ஒரே அச்சு, இரண்டுக்கும் கண்ணும் மூக்கும் உண்டு. ஒன்றின் மேல் 7, இன்னொன்றின் மேல் 8.

எனக்குப் பிரெஞ்சு படிக்க வராது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. படத்தைப் பார்த்து நானே சொல்வேன். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கை கழுவினால் போதும், இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள்.

“ஏம்பா எல்லாம் வெள்ளையா கீது?” என்பான் வேலு.

“உப்பளம்டா. மரக்காணம் போறப்போ பாக்கல?”

“உப்புல எஞ்சின் மாட்டிக்குமா?” செந்தில் கேட்பான்.

“ஈர உப்புல மாட்டும். ஏழாம் நம்பர் மாட்டிக்கிச்சு. எட்டாம் நம்பர் வந்து இழுக்குது பாரு.”

“தொப்பிக்காரரு யாரு?”

“ஸ்டேஷன் மாஸ்டர். எது ஏழு எது எட்டுன்னு மறந்துட்டாரு. அதான் காகிதத்தை வெச்சுக்கினு முழிக்கிறாரு.”

மலை ஏறுகிற படம்தான் அவர்களுக்கு உயிர். முன்னால் ஏழு இழுக்கும், நடுவில் பெட்டிகள், பின்னால் எட்டு தள்ளும். புதுச்சேரி ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டி எஞ்சின் திருப்புவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவேன். அங்கே கரி அள்ளிப் போடுகிற ஒருத்தர் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். மலையில் இரண்டு எஞ்சின் போட்டால் முன்னால் இருக்கிறவருக்குப் பின்னால் இருக்கிறவர் தெரியமாட்டார். விசில்தான் பேச்சு. முன்னால் ஊதினால் பின்னால் இருந்து பதில் ஊத வேண்டும். பதில் வராமல் முன்னால் இருக்கிறவர் வண்டியை எடுக்கக் கூடாது. அதையும் கதையில் சேர்த்துவிட்டேன்.

“ஊஊ! தம்பி இருக்கியா?”

“ஊஊ! இருக்கேண்ணா, எடு!”

கடைசிப் படத்தில் ஒரே ஒரு எஞ்சின் குகைக்குள் போகும். இன்னொன்று எங்கே என்று வேலு விடவே மாட்டான். “பின்னாடி தள்ளிக்கினு வருதுடா. படத்துல இடம் பத்தல” என்பேன்.

4

எழுபதுகளின் கடைசியில் பட்டறை படுத்துவிட்டது. பிரான்சில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்கு வழி சொன்னார். காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக் கான்சல் ஆபீசுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்திருந்தாள் சரசு.

வெள்ளைக்கார அதிகாரி இரண்டு பிறப்புச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மொழிபெயர்க்க எங்கள் ஊர்க்காரர் ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

“ஒரே நாள்ல பொறந்திருக்காங்க. ஆனா ரெண்டு அப்பா பேரு இருக்கு. இந்தப் பையன் யாருன்னு கேக்கறார்.”

பெரியவர் குரலைத் தாழ்த்தி, “யோசிச்சு சொல்லுங்க. உங்க புள்ளைன்னா இந்தச் சீட்டு பொய்யின்னு ஆவுது. மொத்த ஃபைலையும் விசாரணைக்குப் போட்டுடுவாங்க” என்றார்.

வேலு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழு வயசு.

“பக்கத்து வூட்டுப் புள்ளைங்க. சும்மா கூட வந்தான்” என்றேன்.

சரசு என் முதுகில் நகத்தை வைத்து அழுத்தினாள். வேலு சட்டை நுனியை விட்டுவிட்டான். அழவில்லை. தினம் சாமி கும்பிடுகிறவன் நான். அந்த ஒரு வரியைச் சொல்ல என் நாக்கு தடுக்கவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தெருவுக்கு வந்ததும் வேலு எங்கள் வாசலைத் தாண்டி நேராகக் கோவிந்தண்ணன் வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்துக்கொண்டான். அண்ணி என்னடா என்று கேட்டதற்கு, “நான் இந்த வூட்டுப் புள்ளையாம்” என்றானாம்.

கோவிந்தண்ணன் வெளியே வந்தார். அவர் கோபப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“யோவ், நீயெல்லாம் நெத்தியில திருநீறு பூசறியே, எதுக்குய்யா? பெத்த புள்ளைய வெச்சுக்கினே இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கே!”

“ஃபைல மூடிடுவாங்கண்ணே...”

“மூடட்டும்! நாளைக்கே போயி மாத்திச் சொல்லு. நீ போவலன்னா நான் போறேன்.”

அண்ணி உள்ளே இருந்தபடியே, “அவங்க போவட்டும், புள்ள இங்கியே இருக்கட்டுமே. நாம பாத்துக்க மாட்டமா?” என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் அண்ணி வாயை மூடிக்கொண்டார். ஆனால் அழுதார்.

5

நடுவே ஒன்று சொல்கிறேன். இங்கே முதல் பனி விழுந்த அன்று செந்தில் ஜன்னலைத் திறந்து, “அப்பா, உப்பு!” என்று கத்தினான். சிரித்தோம். இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வந்துவிட்டது. ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தான். எஞ்சின்களின் பேர் பாப்தீஸ்த், பர்னபே. யார் முன்னால் போவது என்று அவை கதை முழுக்கச் சண்டை போடுகின்றன. தொப்பிக்காரர் ரயில் முதலாளி. பொறுக்க முடியாமல் இரண்டையும் வேறு வேறு பாதைக்கு அனுப்பிவிடுகிறார். கடைசிப் படத்தில் ஒன்று மலைக்குப் போகிறது. இன்னொன்று கடற்கரைப் பாதைக்குப் போய்விட்டதாம்.

“நீ சொன்னது ஒண்ணுமே இதுல இல்லப்பா” என்றான்.

இப்போது இரண்டு பேருக்கும் பதினாறு முடிந்துவிட்டது. ஒருவரோடு ஒருவர் பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள். சரசு சாம்பார் ஊற்றும்போது சிரித்துக்கொண்டால் எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு செந்தில் வந்து நிற்பான். வேலு கதவைச் சாத்திக்கொள்வான். நான் ஏதாவது கேட்டால் ‘வி’, ‘நோன்’, ஆமாம், இல்லை, அவ்வளவுதான். போன வருஷம் அடையாள அட்டைக்காக பிரெபெக்சர் என்கிற சர்க்கார் ஆபீசில் வரிசையில் நின்றபோது, கவுண்டர் பெண் அவனிடம் தகப்பன் பேர் கேட்டாள். பக்கத்தில் நிற்கிறேன், பையன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம்தான் சொன்னான். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

ஊரிலிருந்து கோவிந்தண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் அவனுக்குக் கடிதம் எழுதுவார். ஒன்றுக்கும் அவன் பதில் போட்டதில்லை.

6

மறுபடியும் கான்சல் ஆபீஸ். கோவிந்தண்ணன் திட்டிய மூன்றாம் நாள் போனோம். காத்திருக்கிற நேரத்துக்கு என்று செந்தில் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்திருந்தான். பெரியவரிடம் நான் கையைக் கூப்பிக்கொண்டு, அன்றைக்குச் சொன்னது பொய், அவன் என் பிள்ளைதான் என்றேன். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றா என்று கேட்டார். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

சரசு கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு உதடே அசையவில்லை. முதலில் செந்தில் போனான். உள்ளே இருந்து சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து ‘ஊஊ’ என்று விசில் சத்தம் கேட்டது. செந்தில் வெளியே வந்தான். புத்தகம் உள்ளேயே இருந்துவிட்டது. வேலு போனான்.

உள்ளே நடந்ததைப் பெரியவர் பிறகு நடையில் நின்று சொன்னார்.

“எந்தக் கேள்விக்கும் பெரிய பையன் வாயத் தொறக்கல. அதிகாரி அவன் கக்கத்துல இருந்த புஸ்தகத்தைப் பாத்தார். அவர் பொண்ணுகிட்டயும் இது இருக்காம். கதை சொல்லுன்னார். பெரியவன் சொல்லச் சொல்ல அவருக்கு ஒண்ணும் புரியல. எஞ்சின் உப்புல மாட்டிக்கிச்சுங்கறான், ஸ்டேஷன் மாஸ்டருக்கு நம்பர் மறந்துபோச்சுங்கறான். என்கிட்ட ‘நீ சரியாத்தான் மொழிபெயர்க்கறியா’ன்னு கேட்டார்! அப்புறம் சின்னவன் வந்தான். அதே உப்பு, அதே ஸ்டேஷன் மாஸ்டர், அதே விசில். ஒரு எழுத்து மாறல. இந்தக் கதை உங்க வூட்டைத் தவிர உலகத்துல எங்கியும் இல்லய்யா. ஒரே பாய்ல உக்காந்து கேட்ட புள்ளைங்கதான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

சரசு முகத்தை மூடிக்கொண்டாள்.

“கடைசிப் படத்துல மட்டும் மாறுது” என்றார் பெரியவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். “பின்னாடி எஞ்சின் தள்ளிக்கினுதான் வருதுன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. சின்னவன் இன்னொண்ணும் சொன்னான். ‘பின்னாடி ஊதிக்கினே வருது. முன்னாடி இருக்கறது, எனக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போவுது.’”

அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். என்னை நேராகப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது.

“என் புள்ளை” என்றேன். வேலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

7

மனசு நம்பினாலும் காகிதம் நம்பாது. கோர்ட்டில் பேரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். வக்கீல் வைத்தோம். வக்கீல் எங்களையும் கோவிந்தண்ணனையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“பேர மாத்தி எழுதினது எப்படின்னு ஜட்ஜ் கேப்பார். பெத்தவரே எழுதச் சொன்னார்னு வந்துச்சுன்னா, அந்தத் தீர்ப்பு பிரெஞ்சுக்காரன் கைக்குப் போவும். பொய்ப் பதிவுக்கு அப்பனே உடந்தைன்னு ஆயிடும். நாலு பேருக்கும் கதவு சாத்திடுவான்.”

நான் கோவிந்தண்ணன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லுங்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, போலாம் வா” என்றார்.

கோர்ட்டில் வேலுவையும் நிறுத்தியிருந்தோம்.

“இந்தப் பிள்ளை உனக்குப் பிறந்ததா?” ஜட்ஜ் கோவிந்தண்ணனைக் கேட்டார்.

“இல்லைங்க.”

“பிறகு ஏன் உன் பேரில் எழுதினாய்?”

கோவிந்தண்ணன் கொஞ்சம் நின்றார். ‘ஏழுமலை சொன்னான்’ என்று அவர் சொன்னால் அது உண்மை. சொல்லட்டும் என்று ஒரு மனசு. சொல்லிவிடப் போகிறாரே என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசுதான் பெரிசாக இருந்தது.

“எனக்குப் புள்ள இல்லைங்க. ஆசையில எழுதிட்டேன்.”

ஜட்ஜ் அவரைக் கண்டபடி திட்டினார். ஊரான் பிள்ளையைத் திருடுவதும் இதுவும் ஒன்றுதான், வயசைப் பார்த்து எச்சரித்து விடுகிறேன் என்றார். கோர்ட் முழுக்க எங்கள் தெரு ஆட்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேலுவும் கேட்டான்.

வெளியே அஞ்சலை அண்ணி என் முன்னால் வந்து நின்றார். “எங்க வூட்டுக்காரரத் திருடனாக்கிட்டு கப்பல் ஏறப் போறே. நல்லா இரு” என்றார்.

“போற நேரத்துல என்ன பேச்சு இது? வாடி” என்று அண்ணன் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் நாலு பேரும் இங்கே வந்து சேர்ந்தோம். உண்மையை யாரிடமும் நான் சொல்லவில்லை. முதலில் காகிதத்துக்காகச் சொல்லவில்லை. பிறகு பழகிவிட்டது.

8

மச்சினன் கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வேலுவின் கதவைத் தட்டினேன். கோவிந்தண்ணன் செத்துப்போனதைச் சொன்னேன்.

“தெரியும். அம்மா சொல்லிச்சு” என்றான். தமிழில் பதில் வந்ததே எனக்குத் திக்கென்றது.

“அவரு கடுதாசிக்கு நீ ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாம்டா.”

“எதுக்கு? அவருதான் என்னைத் தன் புள்ளையா எழுதிக்கிட்டாரு. அதனாலதான் நீ என்னை இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஜட்ஜுகிட்ட அவரே ஒத்துக்கிட்டாரே, நான் கேட்டேன்.”

ஒன்பது வருஷமாகப் பிள்ளை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். தப்பு செய்த என்னை மன்னிக்கிறதற்கு, தப்பே செய்யாத ஒருவரை வெறுத்துக்கொண்டிருக்கிறான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அவரு எழுதிக்கலடா. நான் எழுதச் சொன்னேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு.”

மருத்துவச்சியிலிருந்து கோர்ட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடுவில் ஒரு கேள்விதான் கேட்டான்.

“அவரு அப்படிச் சொல்லப் போறாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா சொல்லணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேன்.”

வேலு எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்தான். கோவிந்தண்ணன் எழுதிய கடிதங்கள் அத்தனையும் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தான். எல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். தமிழ் எழுத்து அவனுக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பிரித்து வைத்திருக்கிறான், படிக்கத் தெரியவில்லை.

“படி” என்றான்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். எந்தக் கடிதத்திலும் அந்த விஷயம் இல்லை. அப்பா அம்மா சொல்வதைக் கேள், குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், இவ்வளவுதான். முடித்ததும் வேலு கடிதங்களை வாங்கி மறுபடியும் ரப்பர் போட்டுக் கட்டினான். பிறகு, “அஞ்சலை அம்மாவுக்கு நான் எழுதறேன். நான் சொல்றேன், நீ எழுது. மத்தவங்களுக்கு நீ எழுது. உன் பேரப் போட்டு எழுது” என்றான்.

எழுதிவிட்டேன். காகிதம் போனால் போகட்டும்.

முதலியார்பேட்டையில் இதைப் படிக்கிறவர்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு வரியையும் குறைக்காதீர்கள். கோவிந்தண்ணன் மேல் உள்ள பிரியத்தில் ஒரு வரியையும் கூட்டாதீர்கள், அவருக்கு அது தேவையில்லை. டீக்கடையில் யாராவது மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால் இதை அப்படியே சொல்லுங்கள்: எழுதினவர் கோவிந்தன், எழுதச் சொன்னவன் பெத்த அப்பன். கோர்ட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தான், வாயைத் திறக்கவில்லை.